நான் திருத்திய கேள்வி

எங்கள் ஆட்கள் அரசியல்வாதிகளிடம் கேள்வி கேட்கும்போது எனக்கு உடம்பு கூசும். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஸ்காபரோவில் எந்த மண்டபமாக இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். விளக்கேற்றி, போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தி, வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தி, அவர் "வணக்கம்" என்ற ஒரு சொல்லைச் சொன்னதும் கூரை அதிரக் கைதட்டுவார்கள். பிறகு ஒலிவாங்கி சபைக்குள் வரும். முதலில் எழும்புகிறவர், "உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்பார். அடுத்தவர் தன் தெருவில் பனி வழிப்பதில்லை என்பார். அதற்கடுத்தவர் கேள்வியே கேட்காமல் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டு உட்காருவார். நான் பின்வரிசையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தொழில் மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரிகளிலும் அகதி விசாரணைகளிலும் இரண்டு பேருக்கு நடுவில் இருந்து, ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்வது. அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒருவர் தூஷணம் பேசினால் நானும் தூஷணம் பேசவேண்டும். ஒருவர் உளறினால் நானும் உளறவேண்டும். விசாரணை அதிகாரி முன்னால் ஒரு தாய் அழுதழுது ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது நானும் அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதிரையில் நான் ஒருநாளும் வழுக்கியதில்லை என்ற பெருமை எனக்கு நிறைய உண்டு. சம்பளம் வாங்காத இடத்தில்தான் வழுக்கினேன்.

எங்கள் தொகுதியில் ஒரு குறிப்பிட்ட கட்சியின் பெயரில் நின்றால் விளக்குமாறும் வெல்லும் என்பார்கள். அதனால் உண்மையான போட்டி தேர்தலுக்கு முன்பே கட்சிக்குள் நடந்து முடிந்துவிடும். தொகுதியில் குடியிருந்து கட்சியில் பெயர் பதிந்தவர்கள் ஒருநாள் கூடி வாக்களித்து, பொதுத் தேர்தலில் கட்சிக்காக யார் நிற்பது என்று முடிவு செய்வார்கள். எங்கள் ஆட்கள் இதில் வலு கெட்டிக்காரர்கள். "எங்கட பெடியன் நிக்கிறான்" என்ற ஒரு சொல் போதும். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் என்று எல்லாத் திசையிலும் ஆள் சேரும். வான் பிடித்து வயதானவர்களை ஏற்றி இறக்குவார்கள். அவன் என்ன சொல்கிறான், எதற்காக நிற்கிறான் என்று ஒருவரும் கேட்பதில்லை. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்பதோடு அலசல் முடிந்துவிடும்.

அந்த முறை தமிழர் ஒருவரும் நிற்கவில்லை. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் கட்டடம் முழுக்க ஒருவிதத் தவிப்பு. "அப்ப ஆருக்குப் போடுறது?" என்று லிஃப்ற்றுக்குள் ஒருவரையொருவர் கேட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்போதாவது எங்கள் சனம் ஆளைப் பார்க்காமல் கொள்கையைப் பார்க்கப் பழகட்டும் என்று நினைத்தேன். கீழ்த்தளத்து மண்டபத்தில் இரண்டு போட்டியாளர்களையும் அழைத்து ஒரு கூட்டம் வைப்போம், மொழிபெயர்ப்பை நானே செய்கிறேன் என்று சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானே வலியப் போய் மண்டையைக் கொடுத்தேன்.

போட்டியில் இரண்டு பேர். ஒருவர் பெண் வழக்கறிஞர், நாற்பது வயதிருக்கும், பேச்சு வெண்ணெய் போல. மற்றவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், சின்ன வயதில் கரிபியன் தீவொன்றிலிருந்து வந்தவர், தொழிற்சங்கத்தில் ஊறியவர், ஒரு வசனத்தைத் தொடங்கினால் எங்கே முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. நான் இரண்டு பேருடைய இணையத்தளங்களையும் வாசித்து, பெரிய அட்டை ஒன்றில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர் என்று தமிழில் எழுதினேன். வாடகை, போக்குவரத்து, வைத்தியம், குடிவரவு. "குடும்ப மீளிணைவு" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அதன் அழகைத் தள்ளி நின்று பார்த்தேன். எழுதி முடித்தபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. ஒருவர் வலுப்படுத்துவேன் என்றிருந்தார், மற்றவர் மேம்படுத்துவேன் என்றிருந்தார். என் மனைவி அட்டையை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"இதைப் பாத்து எப்பிடி ஆளைத் தெரியிறது? ரெண்டு கடையிலயும் ஒரே சாமான், ஒரே விலை."

"கேள்வி நேரத்தில வித்தியாசம் தெரியும்" என்றேன்.

எங்கள் தளத்தில், எங்களிலிருந்து சில கதவுகள் தள்ளி, ஒரு அக்காவும் புருஷனும் இருந்தார்கள். அண்ணை அந்தக் காலத்தில் தனியாக அகதியாக வந்து, தொழிற்சாலை வேலையில் காலத்தைப் போக்கி, வதிவிடப் பேப்பர் கிடைத்து மனைவியைக் கூப்பிட்டபோது, பெற்றோரோடு சேர்த்துக் கூப்பிடக்கூடிய வயதை ஒரே மகள் தாண்டிவிட்டார். மகள் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். அங்கே ஒரு வங்கியில் வேலை, கலியாணம் செய்யவில்லை. இடையில் ஒருமுறை இவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இப்போது அண்ணைக்கு இருதயமும் சரியில்லை, கிட்னியும் சரியில்லை. விமானம் ஏறக்கூடாது என்று டொக்ரர் சொல்லிவிட்டார். அதனால் மகள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போக விசாவுக்குப் போட்டார். தனி ஆள், திரும்பிப் போவாரென்று நம்ப இடமில்லை என்று மறுத்தார்கள். மூன்று தரம் போட்டு மூன்று தரமும் அதே பதில்தான். அண்ணை ஜன்னலுக்குப் பக்கத்தில் சாய்கதிரையில் இருந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "பிள்ளை வரப்போறா" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

கூட்டத்துக்கு நல்ல சனம், பெரும்பாலும் ஆங்கிலம் பிடிபடாத வயதானவர்கள். வடையும் றோல்சும் தேத்தண்ணியும் ஒரு மேசையில். முன்னால் இரண்டு போட்டியாளர்கள், நடுவில் நான், எனக்குப் பின்னால் சுவரில் என் அட்டை. முதல் கேள்வி நான் பயந்தபடியே வந்தது.

"ரெண்டு பேருக்கும் எத்தினை பிள்ளையள்? என்ன படிக்கினம்?" என்றார் முன்வரிசை ஐயா ஒருவர்.

எனக்குக் காது சூடேறியது. வாயைத் திறந்தேன், ஆங்கிலத்தில் வந்தது வேறொன்று: இளம் தலைமுறையின் கல்வி பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று இவர் கேட்கிறார். போட்டியாளர்கள் இருவரும் தலையாட்டிக் குறிப்பெடுத்தார்கள். வழக்கறிஞர் பேசும்போது தன் இரண்டு மகன்மாரைப் பற்றியும் சொன்னதால், ஐயாவுக்கும் பதில் கிடைத்த திருப்தி. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்தவர் குப்பை போடும் குழாய் நாறுகிறது என்றார். நான் அதை வாடகைக் குடியிருப்புகளின் பராமரிப்பில் மத்திய அரசின் பங்கு என்று ஆக்கினேன். எனக்கு ருசி பிடித்துவிட்டது. எங்கள் சனம் என் வாய் வழியாக எவ்வளவு நாகரிகமாக வெளியே வருகிறது என்று எனக்கே புளகாங்கிதமாக இருந்தது.

அப்போதுதான் அக்கா எழும்பினார். ஒலிவாங்கியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"என்ர மகளுக்கு மூண்டு தரம் விசா இல்லையெண்டு போட்டாங்கள். இவர் ஏலாமல் கிடக்கிறார். கண் மூடுறதுக்கிடையில பிள்ளையைப் பாக்கோணும் எண்டுறார். நீங்கள் எம்.பி.யா வந்தா என்ர பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதித் தருவீங்களோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ. தாறவைக்குத்தான் நாங்கள் போடுவம்."

மானம் கப்பலேறிவிட்டது என்று அந்தக் கணத்தில் உண்மையாகவே நினைத்தேன். கடிதம் தந்தால் வாக்கு! பொதுக்கூட்டத்தில், கைகூப்பி, சந்தையில் பேரம் பேசுவது போல! இந்த இரண்டு பேரும் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? போகும் வழியில் காருக்குள் என்ன பேசிச் சிரிப்பார்கள்? எனக்கு அந்தக் கவலைதான் வந்தது. சாய்கதிரையில் இருக்கும் அண்ணையின் முகம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

விசா மறுப்புகளால் பிரிந்திருக்கும் குடும்பங்கள் தொடர்பாக உங்கள் கொள்கை நிலைப்பாடு என்ன என்று கேட்கிறார்கள், என்றேன்.

பஸ் ஓட்டியவர் முதலில் பேசினார். அது சிக்கலான விடயம், சட்டத்தை மாற்றக் காலம் எடுக்கும், பொய் வாக்குத் தர எனக்கு விருப்பமில்லை என்று இழுத்து இழுத்துச் சொன்னார். வழக்கறிஞர் அக்காவை நேரே பார்த்தார். குடும்பங்கள் ஒன்றாக இருக்கவேண்டும், அதற்காக ஒவ்வொரு நாளும் போராடுவேன், என் அலுவலகக் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும் என்றார். நான் அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"அவர் சொல்லுறார், அது சிக்கலான விஷயமாம், சட்டத்தை மாத்தக் காலம் எடுக்குமாம், பொய் வாக்குக் குடுக்கத் தனக்கு விருப்பமில்லையாம். இவ சொல்லுறா, குடும்பங்கள் ஒண்டாத்தான் இருக்கோணுமாம். அதுக்காக ஒவ்வொரு நாளும் போராடுவாவாம். உங்களுக்குத் தன்ர ஒப்பீஸ் கதவு எப்பவும் திறந்திருக்குமாம்."

பதிலில் நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பின்னாளில் அதை வைத்துத்தான் என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். ஆனால் அக்கா தன் கேள்விக்குத்தான் அந்தப் பதில் வந்தது என்று நினைத்தார். வேறு எப்படி நினைப்பார்? வழக்கறிஞரைப் பார்த்துத் தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. சபை கைதட்டியது.

கூட்டம் முடிந்து பஸ் ஓட்டியவரை லிஃப்ற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஆச்சரியமாக இருக்கிறது என்றார். போகும் இடமெல்லாம் விசாவுக்குக் கடிதம் தருவீர்களா என்றுதான் முதல் கேள்வி, இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தருவேன் என்றுதான் சொல்லுவேன், ஒரு கடிதம் எழுதுவதில் எனக்கு என்ன குறைந்துவிடும்? என்னோடு போட்டியிடுகிற அவளோ தரவே மாட்டேன் என்று போன இடமெல்லாம் வெளிப்படையாகச் சொல்கிறாள், அறிமுகம் உள்ளவனுக்கு ஒரு நீதி இல்லாதவனுக்கு ஒரு நீதியா என்கிறாள், அதுவும் நியாயம்தான், அதிலே மட்டும்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை என்றார்.

அக்கா அந்த மண்டபத்துக்குள்ளேதான் நின்றார். கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். இந்த மனிதரைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், இப்போது சொன்னதை இந்த அக்காவுக்கும் சொல்லுங்கள் என்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அப்படிச் செய்தால் நான் முதலில் கேட்டது வேறு என்று தெரிந்துவிடும். நான் சிரித்தேன். எங்கள் கட்டடத்தில் நாங்கள் கொள்கையைப் பற்றித்தான் பேசுவோம் என்று சொன்னேன்.

தேத்தண்ணிப் பாத்திரங்களைக் கழுவும்போது என் மனைவி கேட்டாள்.

"அவ கடிதம் கேட்டவ. நீங்கள் கடிதம் எண்ட சொல்லையே சொல்லேல்லையே?"

"கருத்து ஒண்டுதானே."

"ஒண்டில்லை."

"ஓம், உமக்குத்தான் எல்லாம் தெரியும். சபையில அப்பிடியே கேக்க ஏலுமே? எங்களைப் பிச்சைக்காரர் எண்டு நினைக்கமாட்டினமே?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பாத்திரங்களைத் துடைத்து அடுக்கத் தொடங்கினாள். அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வாக்களிப்புக்கு இன்னும் நாள் இருந்தது. அக்கா சும்மா இருக்கவில்லை. காலையும் மாலையும் தளம் தளமாகப் போய்க் கதவு தட்டினார். "அந்தப் பிள்ளை கடிதம் தாறனெண்டு எல்லாற்ற முன்னாலயும் சொல்லிப்போட்டா. அவவுக்குத்தான் போடோணும்" என்றார். தரவே மாட்டேன் என்று போன இடமெல்லாம் சொல்லித் திரிந்த பெண்ணுக்கு, தருவார் என்று அக்கா வாக்குச் சேர்த்தார். தாழ்வாரத்தில் என்னைக் காணும்போதெல்லாம் "தம்பி, உங்களாலதான்" என்பார். நான் அவசரமாக எங்கேயோ போவது போல நடையைக் கட்டுவேன். வென்ற பிறகு மனம் இரங்கி எழுதிக் கொடுப்பார், யார் ஒரு கிழவரின் கடைசி ஆசைக்கு இல்லையென்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் தொழிலில் பொய்யை மணந்து பிடிக்கப் பழகியிருக்கிறேன். அந்தப் பொய் மட்டும் மணக்கவில்லை என்று நடித்தேன்.

ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் வாக்களிப்பு நடந்தது. எங்கள் கட்டடத்துச் சனம் வரிசையில் நின்றதைப் பார்த்து வழக்கறிஞரின் ஆட்களே வாயைப் பிளந்தார்கள். மயிரிழையில் வென்றார். எங்கள் கட்டடம் இல்லாவிட்டால் தோற்றிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் வேலையிடத்தில் அதைப் பெருமையாகச் சொன்னேன்; எங்கள் ஆட்கள் இந்த முறை கொள்கைகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாக்களித்தார்கள் என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பிறகு பொதுத் தேர்தலும் வந்தது, எதிர்பார்த்தபடியே எம்.பி. ஆனார்.

அண்ணைக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது அக்கா வந்து கதவைத் தட்டினார். கோயிலுக்குக் கட்டும் சேலை, மேலே தடித்த ஜாக்கெட், கையில் ஒரு டப்பா நிறையப் பயத்தம் பணியாரம்.

"வாங்கோ தம்பி, போய் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வருவம்."

எம்.பி.யின் அலுவலகம் ஒரு பிளாசாவில், மருந்துக்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் நடுவில் இருந்தது. உதவியாளர் இளம் பெண். மிகவும் மரியாதையானவர். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறோம், ஆனால் பார்வையாளர் விசாவுக்கு இந்த அலுவலகம் ஆதரவுக் கடிதம் கொடுப்பதில்லை, எவருக்கும் கொடுப்பதில்லை என்றார். நான் அதை அக்காவுக்குச் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்து எம்.பி.யே வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. உங்களை மறக்கவே முடியாது என்றார். முழுப் போட்டியிலும் உங்கள் கட்டடத்தில்தான் தரமான கேள்விகள் கேட்டார்கள், மற்ற இடமெல்லாம் விசாக் கடிதம், விசாக் கடிதம் என்று ஒரே நச்சரிப்பு என்றார்.

"என்ன சொல்லுறா?" என்று அக்கா என் கையைத் தொட்டார்.

"எங்களை ஞாபகம் இருக்காம்."

"பாத்தீங்களே! அப்ப கேளுங்கோ. அண்டைக்குத் தாறனெண்டு சொன்னவ எல்லே, அதைக் கேளுங்கோ."

அதை அப்படியே கேட்டிருந்தால் எம்.பி. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். வேறு ஏதாவது வழி உண்டா என்று கேட்கிறார் என்றேன். எம்.பி.க்கு உண்மையிலேயே மனவருத்தம்; கண்ணில் தெரிந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் என்னை அணுகத் தெரியாத மற்றவர்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும், அது என் கொள்கை, மன்னிக்கச் சொல்லுங்கள் என்றார்.

"தர ஏலாதாம் அக்கா."

அக்கா டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப ஏன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னவ?"

இப்போதாவது உண்மையைச் சொல் என்று உள்ளே ஏதோ சொன்னது. நான் சொன்னது இது: "அரசியல்வாதியள் அப்பிடித்தான் அக்கா."

அக்கா அதை உடனே நம்பினார். நம்பமுடியாத பொய்யென்றால் பிடிபட்டிருப்பேன். எல்லோரும் ஏற்கெனவே நம்பும் பொய்யாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தேன். பணியார டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அக்கா வெளியே போனார். கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகிற பழக்கம் அவருக்கு இல்லை. எம்.பி. என்னிடம் அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார்.

சில நாட்களில் கட்டடம் முழுக்கக் கதை பரவிவிட்டது. "வாக்கை வாங்கிப்போட்டு ஏமாத்திப்போட்டா" என்றார்கள். "பொய்க்காரி" என்றார்கள். லிஃப்ற்றுக்குள் என் முன்னாலேயே திட்டினார்கள், நானும் தலையாட்டினேன். சொன்னதைச் செய்த ஒரே அரசியல்வாதியை, நான் இருக்கும் கட்டடத்தில் பொய்க்காரி ஆக்கிவிட்டேன். கடிதம் ஒன்றும் மந்திரக்கோல் இல்லை, முடிவெடுப்பது விசா அதிகாரிதான் என்று எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொன்னார். அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். கடிதத்தோடு போட்டும் நான்காம் தரம் மறுத்திருக்கலாம்தான். ஆனால் கடிதம் தருகிற ஆள் ஒருவர் நின்றார், அவரை அக்காவின் கையாலேயே தோற்கடித்தவன் நான்.

இலை உதிரும் காலத்தில் அண்ணை போய்விட்டார். கடைசிக் கிழமையும் "பிள்ளை வரப்போறா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அக்கா சொன்னார்.

மார்க்கம் நகர்ப் பக்கத்து மலர்ச்சாலையில் அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மகள் யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடிக்கடி கண்ணைத் துடைத்ததால் படம் ஆடியது. "தம்பி, நீங்கள் பிடியுங்கோ, பிள்ளை வடிவாப் பாக்கட்டும்" என்று என்னிடம் தந்தார். நான் அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்தேன். மகள் சத்தம் போட்டு அழவில்லை. கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ அண்ணா என்றார். நெற்றியைக் காட்டுங்கோ என்றார். கையைக் காட்டுங்கோ என்றார். பிறகு, "எங்களுக்காக அங்க அலைஞ்சு திரிஞ்சனீங்களாம் எண்டு அம்மா சொன்னவ. உங்களை மறக்கமாட்டன் அண்ணா" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது.

அப்போதுதான் எம்.பி. வந்தார். கறுப்பு உடை, கையில் வெள்ளைப் பூக்கள். மண்டபத்தில் இருந்த எங்கள் கட்டடத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் எழும்பி வெளியே போனார். எம்.பி.க்கு ஒன்றும் விளங்கவில்லை. பூவை வைத்துவிட்டு அக்காவின் முன்னால் வந்து நின்று, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் என் கையிலிருந்த தொலைபேசியில் மகள் பேசினார். ஆங்கிலத்தில். வங்கியில் நாளெல்லாம் பேசும் தெளிவான, திருத்தமான ஆங்கிலம்.

நீங்கள் என் அம்மாவுக்கு ஒரு கடிதம் தருவதாக எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தீர்கள், பிறகு ஏன் தரவில்லை என்று கேட்டார்.

எம்.பி. திகைத்துப்போய்த் தொலைபேசியைப் பார்த்தார். நான் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை என்றார். அந்தக் கட்டடத்தில் ஒருவரும் என்னிடம் கடிதம் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் தரமாட்டேன் என்று அப்போதே முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன், நான் அதை மறைத்ததே இல்லை என்றார். சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் பார்வை மெதுவாக என்மேல் வந்து நின்றது.

"என்ன சொல்லுறா தம்பி?" என்றார் அக்கா.

கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். "தான் வாக்குக் குடுக்கேல்லையாம். எங்கட கட்டடத்தில தன்னட்ட ஒருத்தரும் கடிதம் கேக்கேல்லையாம். கேட்டிருந்தா தரமாட்டன் எண்டு அப்பவே முகத்துக்கு நேர சொல்லியிருப்பாவாம், தான் அதை மறைச்சதே இல்லையாம்."

"நான் கேட்டனான் எல்லே?"

"ஓம் அக்கா. நீங்கள் கேட்டனீங்கள்."

"அப்ப நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

விசா மறுப்புகளால் பிரிந்திருக்கும் குடும்பங்கள் தொடர்பாக உங்கள் கொள்கை நிலைப்பாடு என்ன என்று கேட்டேன் என்று, அண்ணையின் காலடியில் நின்று அந்த வசனத்தைத் தமிழில் முழுதாகச் சொன்னேன். அக்கா கவனமாகக் கேட்டார். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, மகளின் முகத்தைத் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உது எனக்கு விளங்கேல்லைத் தம்பி" என்றார். "நான் என்ர பிள்ளையைத்தானே கேட்டனான்."